சனியிலிருந்து வந்தவள்

சோபாக்காரருக்குக் கை தங்கம், வாய்தான் தகரம். இது அவர் மனைவி சொன்ன தீர்ப்பு. அதை எதிர்த்து அவர் வாய் திறந்ததில்லை, ஏனென்றால் திறந்தால் அதுவே சாட்சியாகிவிடும்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. சோபாவுக்கு மெத்தை கட்டி மிஞ்சுகிற ஃபோம் துண்டுகளை வைத்து ஒருமுறை மகனுக்கு ரோபோ வேஷம் செய்து கொடுத்தார். அன்று பிடித்தது வினை. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யார் வேற்றுக்கிரகம் போவதென்றாலும் அவர் வாசல் வழியாகத்தான் போனார்கள். குழந்தைகளுக்கு முட்டை அட்டையில் மார்புக்கவசம், இருமல் மருந்து மூடியில் பொத்தான். பெரியவர்கள்தான் படுத்தி எடுப்பார்கள். வங்கிக் காசாளர் அம்மாவுக்கு விண்கலத் தளபதி உடுப்பில் இடுப்பு மட்டும் ஒல்லியாகத் தெரிய வேண்டும். பல் டாக்டருக்கு ஆறு கை வேண்டும்.

"இருக்கிற ரெண்டு கையப் பார்த்தே எல்லாரும் வாய மூடிக்கிறாங்க டாக்டர்" என்றார் சோபாக்காரர். ஆனாலும் செய்தார்.

இந்த வருஷம் குடியிருப்பு மைதானத்தில் வேற்றுலக வேடப் போட்டி. ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டுப் பெரியவர் ஒருவரும் வேஷம் கட்ட வேண்டும். அந்தப் பெரியவர்தான் மைக்கில் பேர் சொல்லிப் பிள்ளையை மேடைக்கு அழைக்க வேண்டும். பட்டறையில் கால் வைக்க இடமில்லை. டாக்டரின் நான்காவது கையில் அவர் வெள்ளிப் பெயிண்ட் பூசிக்கொண்டிருந்தபோது, சின்னவள் முழங்கை பட்டு டப்பா கவிழ்ந்தது.

"சனியனே! கண்ண எங்க வச்சிக்கிட்டு வர்றே?"

சின்னவள் அவருடைய தம்பி மகள். தம்பியும் அவன் மனைவியும் பிரிந்தபோது, ஆறே மாதம் என்று சொல்லி இங்கே விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போனான் தம்பி. அதற்குப் பிறகு அவளுக்குச் சீருடை இரண்டு முறை குட்டையாகிவிட்டது. சோபாக்காரர் அவளுக்கு எதிலும் குறை வைத்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். சோறு, துணி, பள்ளிக்கூடம் எல்லாம் மகனுக்கு எப்படியோ அவளுக்கும் அப்படியே. வாயில் வருவது மட்டும் வேறு. மகன் எதை உடைத்தாலும் "என்னடா ராஜா" என்பார். இவள் தொட்டாலே சனியன்.

திட்டு வாங்கியவள் அழவில்லை. பழைய துணியை எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பெரியப்பா, எனக்கும் வேஷம் செஞ்சு தர்றீங்களா?"

"என்ன வேஷம்?"

"சனியன் வேஷம்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நக்கல் அடிக்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தார். நக்கல் இல்லை.

"எங்க மிஸ் படம் காட்டினாங்க. இருக்கிற கிரகத்துலயே சனிதான் ரொம்ப அழகாம். அதைச் சுத்தி வளையம்கூட இருக்கு. செவ்வாயில இருந்து வந்தா செவ்வாயன், சனியில இருந்து வந்தா சனியன். அப்படித்தானே? நான் வேற எடத்துல இருந்துதானே இங்க வந்தேன். அதான் நீங்க என்னை அப்படிக் கூப்பிடறீங்கன்னு எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு."

சோபாக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அடுக்களை வாசலில் நின்றிருந்த மனைவியைப் பார்த்தார். அவள் கரண்டியோடு அப்படியே நின்றிருந்தாள்.

"ஆமாம்மா" என்றார் கடைசியில். "அப்படித்தான்."

சின்னவள் துள்ளிக்கொண்டு போனதும் மனைவி கிட்ட வந்தாள்.

"அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன். போட்டியில பத்துப் பேர் முன்னாடி அவளே சொல்லி அவமானப்படறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க."

"சொல்றேன், சொல்றேன்."

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? 'அது கிரகம் இல்லம்மா, வசவு' என்றால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அப்ப ஏன் என்னை மட்டும்? அதற்கு அவரிடம் பதில் இருந்தது. அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட அவருக்கு வாய் வரவில்லை. தம்பி மேல் இருந்த ஆத்திரம் முழுவதையும் அந்தப் பிஞ்சின் தலையில் கொட்டியிருக்கிறார், அவ்வளவுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்வதற்குப் பதில் கத்தரிக்கோலை எடுத்தார். குற்றவாளிக் கை அதிகமாக வேலை செய்யும் போலிருக்கிறது. மிஞ்சிய துண்டுகளைத் தொடாமல், வாடிக்கையாளர் சோபாவுக்கென்று வைத்திருந்த முதல் தர ஃபோமை அறுத்தார். உடம்புக்கு மஞ்சளும் பழுப்புமாகப் பட்டை பட்டையாகத் துணி தைத்தார். ஃபோம் பெயிண்டைக் குடித்துவிடும் என்பதால் முதலில் பசை பூசிக் காயவைத்து, மறுபடி பூசி, மறுபடி காயவைத்தார். வளையத்துக்கு உள்ளே கம்பி கொடுத்து, ஹேர் டிரையரால் சூடு காட்டி வளைத்து, பழைய பள்ளிப் பையின் வார்களைப் பிடுங்கித் தோளில் மாட்டுகிற மாதிரி வைத்தார்.

"இவ்வளவு அகலமா எதுக்கு?" என்றாள் மனைவி.

"கூட்டத்துல யாரும் கிட்ட வந்து பிள்ளைய இடிச்சிடக் கூடாதில்ல."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் நாலு வார்த்தை இருந்தது. அதோடு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இன்னொன்றும் செய்தார். அந்தச் சொல்லை அடியோடு விட்டுவிட்டார். கண்ணு என்றார், தங்கம் என்றார். பழக்கமில்லாததால் சொல்லும்போது வாய் கோணியது. ஆனால் சோதனை போல, சின்னவளுக்கு அந்த வாரம் முழுக்கக் கை நிற்கவே இல்லை. பொத்தான் டப்பாவைக் கொட்டினாள். பசையைக் கவிழ்த்தாள். காசாளர் அம்மாவின் ஒல்லி இடுப்பின் மேல் தண்ணீரை ஊற்றினாள். ஒவ்வொரு முறையும் கொட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்தபடி நிற்பாள். அவர் பல்லைக் கடித்து, வந்ததை மென்று விழுங்கிவிட்டு, "பரவால்ல கண்ணு" என்பார். தன் பொறுமையை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போட்டியன்று வளையத்தை மாட்டும்போது அவள் கேட்டாள்.

"பெரியப்பா, என் மேல கோபமா?"

"இல்லையே தங்கம். ஏன்?"

"என் பேரச் சொல்லவே மாட்டேங்கிறீங்களே."

அவர் வாரின் நீளத்தைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். வெளியே அதற்குள் பேண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மைதானம் பூராவும் பச்சை மூஞ்சிகளும் தகர உடம்புகளும். டாக்டர் ஆறு கைகளோடு தன் மகனைத் தூக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். சோபாக்காரர் விண்வெளி வீரர். பெரிய தண்ணீர் கேனை அறுத்து ஹெல்மெட் செய்து தலையில் கவிழ்த்திருந்தார். சின்னவளுக்கு ஓடி ஓடிச் செய்ததில் தன்னுடையதற்குக் காற்று ஓட்டை சரியாகப் போடவில்லை.

அவர் முறை வந்தது. மேடை ஏறி மைக்கைப் பிடித்தார். கீழே படிக்கட்டின் அருகில் மஞ்சள் பட்டைகளோடு, இடுப்பைச் சுற்றி மின்னும் வளையத்தோடு அவள் நின்றிருந்தாள். நிஜமாகவே அழகாக இருந்தாள்.

"சனிக்கிரகத்தின் இளவரசியே, மேடைக்கு வருக!" என்றார். முந்தின நாளே யோசித்து வைத்த வாக்கியம். பூசி மெழுகியதில் அவருக்கே திருப்தி.

அவள் அசையவில்லை.

"சனியிலிருந்து வந்த தேவதையே!"

ஊஹூம். "அது நான் இல்ல!" என்று கீழேயிருந்து கத்தினாள். "என் பேரச் சொல்லுங்க பெரியப்பா!"

கூட்டம் சிரித்தது. அறிவிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இத்தனை நாளில் அந்தச் சொல்லைச் சோபாக்காரர் ஒருமுறைகூட மெதுவாகச் சொன்னதில்லை. இப்போது மெதுவாகத்தான் வந்தது, கெஞ்சுவது போல.

"சனியனே... வாம்மா."

அவள் முகம் மலர்ந்தது. வளையம் இரண்டு பக்கமும் ஆளை இடிக்க, விழுந்தடித்துக்கொண்டு ஏறி வந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என் பேரு சனியன். எங்க பெரியப்பா வச்ச பேரு. எங்க அண்ணன் இந்த வீட்டுலயே பொறந்தவன், அதனால அவன அப்படிக் கூப்பிட மாட்டாங்க. வேற எடத்துல இருந்து வந்ததால என்னை மட்டும்தான்."

முன்வரிசைச் சிரிப்பு பாதியில் நின்றது. காசாளர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அறிவிப்பாளருக்கு மட்டும் ஒன்றும் உறைக்கவில்லை.

"அப்படியா! பெரியப்பா எப்பல்லாம் உன்னை அப்படிக் கூப்பிடுவாரு?"

"நான் எதையாவது கொட்டினா கூப்பிடுவார். மத்த நேரம் வேலையா இருப்பார், என்னைப் பார்க்க மாட்டார். அதனால நான் அப்பப்ப எதையாவது கொட்டிடுவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "இந்த வாரம் எவ்வளவு கொட்டியும் கூப்பிடவே இல்ல. இப்பதான் கூப்பிட்டார்."

சோபாக்காரருக்கு எதிரே எதுவும் தெரியவில்லை. ஹெல்மெட்டுக்குள் மூச்சுப் படிந்து முன்பக்கம் முழுக்க வெண்மையாகியிருந்தது. கழற்றப் பார்த்தார். கேன் காதில் சிக்கிக்கொண்டது. அப்படியே மண்டிபோட்டு, பிள்ளையை அணைத்துக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினார்.

கை எட்டவில்லை. வளையம் நடுவில் நின்றது. யாரும் கிட்ட வரக் கூடாதென்று பார்த்துப் பார்த்து அவரே வைத்த அகலம்.