உலர்புல்லுக்குள் ஒரு தகரத்துண்டு

ஞாயிறு காலையில் விடுதிச் சமையலறையில் உருளைக்கிழங்கு துருவும் சத்தம் கேட்டால், மலைக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்று ஆர்வென்மாட் கிராமம் முழுவதற்கும் தெரிந்துவிடும். துருவுகிறவள் கோசலா. துன் நகரிலிருந்து தபால் துறை ஓட்டும் மஞ்சள் பஸ்ஸில் ஏறி, வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வருகிறவள். தொடக்கத்தில் அந்த வளைவுகளில் அவளுக்கு வயிற்றைக் குமட்டும். இப்போது நின்றபடியே தூங்கிவிடுகிறாள்.

கிராமம் என்று சொன்னாலும் அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தேவாலயம், சீஸ் என்கிற பாற்கட்டி செய்யும் ஒரு சாலை, தெரேஸ் அம்மாவின் விடுதி, சில வீடுகள், வீடுகளைவிட அதிகமாக மாடுகள். மாட்டின் பால் பாற்கட்டியாகும், பாற்கட்டி விடுதியின் தட்டுக்கு வரும், மலை பார்க்க வந்தவர் தட்டுக்கு முன்னால் உட்காருவார். அவர் உட்காராவிட்டால் ஊரே கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

கோசலாவின் அண்ணன் துஷாந்தன் தலைநகர் பேர்ணில் இருக்கிறார். கோடை ஞாயிறுகளில் கோச் பஸ் பிடித்து, தமிழ்ச் சனத்தை ஏற்றிப்போய் மலை காட்டுவது அவருடைய தொழில். “இஞ்ச ஒரு வடிவான இடம் இருக்கு அண்ணை, ஒருக்கால் வாங்கோவன்” என்று போன கோடையில் அவரை அழைத்தவளே கோசலாதான். பஸ் வந்து நின்ற அன்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

நம் சனம் சுற்றுலா போகிற விதம் நமக்குத் தெரியாததா? விடியமுன் எழும்பிக் கறி காய்ச்சி, சோற்றை அலுமினியத் தாளில் பார்சல் கட்டி, தமிழ்க்கடையில் மாம்பழச் சாற்றுத் தகர ரின்களைப் பெட்டியோடு வாங்கி, தண்ணீரைக்கூட வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுவார்கள். முழங்கால் உயரம் வளர்ந்திருந்த புல்வெளிக்குள் பாய் விரித்தார்கள். சாப்பிட்டார்கள், பைலாப் பாட்டுக்கு ஆடினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். ஊரில் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர் இல்லை. விடுதிக்குள் நுழைந்தவர்களும் கழிவறைக்குத்தான் நுழைந்தார்கள். கோடை முழுவதும் அதே பஸ், அதே புல்வெளி.

இந்த ஆண்டு பனி உருகிய பிறகு, அந்தப் புல்வெளியின் சொந்தக்காரர் உவேலி சேற்றுப் பூட்ஸோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். அவருடைய பசு லீசி செத்துப்போயிருந்தது. வயிற்றைக் கீறிப் பார்த்த மிருக வைத்தியர், உள்ளே கூரான தகரம் கிழித்திருப்பதாகச் சொன்னாராம். மாடு ஆராய்ந்து பார்த்தா விழுங்குகிறது? போன கோடையில் யாரோ எறிந்த ரின், புல்லறுக்கும் இயந்திரத்தில் சிக்கித் துண்டு துண்டாகி, உலர்புல்லோடு பரணுக்குப் போய், குளிர்காலத் தீனியோடு மாட்டின் வாய்க்கு வந்துவிட்டது. பரணில் கிடைத்த இன்னொரு துண்டை உவேலி நீட்டினார். அதில் பாதி மாம்பழப் படமும், கீழே தமிழெழுத்தும் இருந்தன.

இது உங்கள் எழுத்தா என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் கோசலாவும் ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பாள். அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். எங்கள் எழுத்துத்தான், எங்கள் ஆட்கள்தான் என்று அவள் சொல்லிவிட்டாள்.

விடயம் அதோடு முடியவில்லை. இனிமேல் எந்தக் கோச் பஸ்ஸும் ஏறிவர முடியாதபடி பாதையில் தடுப்புப் போடுவதற்கு ஜூன் மாத ஊர்க்கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று தெரேஸ் அம்மா சொன்னார். விடுதியில் சாப்பிடுகிற வெளிநாட்டுக்காரரும் கோச் பஸ்ஸில்தான் வருகிறார்கள். தடுப்பு விழுந்தால் இலையுதிர் காலத்தோடு விடுதியைப் பூட்டவேண்டியதுதான், உன் வேலையும் போய்விடும் என்று தெரேஸ் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோசலா அண்ணனுக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணை, இனி வந்தா புல்லுக்குள்ள இறங்கக்கூடாது. சனத்துக்கு விடுதியில சாப்பாடு சொல்லுங்கோ.”

“விசரே உனக்கு? சனம் சோறு கட்டிக்கொண்டு வாறது உவங்கட உப்பில்லாத கிழங்கைத் தின்னவோ?”

“மாடு செத்துப்போச்சு அண்ணை.”

“புல்லுத்தானே பிள்ளை, மிதிச்சாலும் திரும்ப முளைக்கும். ஒரு மாட்டுக்காக மலையைப் பாக்கிறதுக்கும் அவையளிட்டக் கேக்கவேணுமோ?”

பேச்சு அறுந்தது. கோசலா போனை மேசையில் வைத்துவிட்டு, சொன்னால் கேட்காதவரை மறித்துத்தான் கேட்கவைக்க வேண்டும் என்று முடிவெடுத்தாள். தெரேஸ் அம்மாவிடம் போய், கொண்டுவந்த சாப்பாட்டை இந்த ஒரு தரம் மட்டும் விடுதி முற்றத்து மேசைகளில் வைத்துச் சாப்பிட விடுங்கள் என்று கேட்டு அனுமதியும் வாங்கினாள்.

ஊர்க்கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு பஸ் வந்து நின்றது. பாயும் பார்சலுமாக இறங்கிய சனம் புல்வெளி வேலியின் படலைக் கதவடிக்கு வந்தபோது, சமையல் மேலங்கியோடு கோசலா படலைக்குக் குறுக்கே நின்றாள்.

“பிள்ளை, வழியை விடும். பசிக்குது” என்றார் முன்னால் வந்த றேமன்ட்.

துஷாந்தன் பின்னாலிருந்து ஓடிவந்தார். “எல்லாற்ற முன்னாலயும் என்னை அவமானப்படுத்திறியோ?”

“போனில கெஞ்சினன், கேக்கேல்ல. இண்டைக்குக் கெஞ்சமாட்டன். உள்ள போறதெண்டா என்னைத் தள்ளிப்போட்டுப் போங்கோ.” கோசலா படலையை இறுக்கிப் பிடித்தாள். “எங்கட அப்பான்ர நெல்லு கதிர் தள்ளி நிக்கேக்க, ஆரும் வந்து அதுக்குள்ள பாய் விரிச்சிருந்தா அப்பா என்ன செய்திருப்பார், சொல்லுங்கோ?”

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. சிரித்தவள் வில் நகரிலிருந்து வந்திருந்த தில்லைநாயகி; இப்போது தொழிற்சாலையில் வேலை செய்தாலும் அவள் பிறந்தது முரசுமோட்டை என்ற வயற்கிராமத்தில், நெல்லுக்கு நடுவில்.

“என்ன செய்திருப்பாரோ? எங்கட அப்பரெண்டா மண்வெட்டியோட வந்திருப்பார்!”

“அப்பிடித்தான் அக்கா இதுவும். இது சும்மா புல்லில்லை, உவேலியின்ர வயல். பனி கொட்டுற மாசமெல்லாம் மாடு இதைத்தான் தின்னும். நாங்கள் எறிஞ்ச ரின்னையும் சேத்துத் திண்டுதான் ஒண்டு செத்தது.”

சிரிப்பு நின்றது. பச்சையாக நின்றதெல்லாம் அதுவரை அவர்களுக்குச் சும்மா புல்லாகத்தான் தெரிந்திருந்தது. தில்லைநாயகி எட்டிப் புல்லைப் பார்த்தாள். “இது தெரியாமப் போச்சே!” என்று சொல்லிப் பாயைச் சுருட்டிக்கொண்டு விடுதிப் பக்கம் நடந்தாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் திரும்பினார்கள். றேமன்ட் மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குள் போயிருந்து சாப்பிட்டார். எல்லாரையும் ஒரே நாளில் திருத்த யாரால் முடியும்?

முற்றத்தில் பார்சல்கள் பிரிந்தன. தேத்தண்ணி கேட்டார்கள், பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டார்கள். துருவிப் பொரித்த கிழங்கோடு கோசலா கொஞ்சம் சம்பலும் வைத்துக் கொடுக்க, தட்டுகள் வைத்த சுருக்கில் வெறுமையாகின. தெரேஸ் அம்மாவுக்கு ஓடியோடி மூச்சு வாங்கியது. துஷாந்தன் ஒன்றும் சாப்பிடவில்லை. உவேலியின் தொழுவம் வரை போய், லீசி இல்லாத வெற்றுக் கட்டுத்தறியைப் பார்த்தார். திரும்பி வந்து, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: “ஊர்க்கூட்டம் எத்தினை மணிக்கு?”

கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். அந்த ரின் என் பஸ்ஸில் வந்தது, தவறு என்னுடையது என்று ஜெர்மனில் சொன்னார். இனிமேல் வருகிறவர்கள் ஊருக்குள்தான் சாப்பிடுவார்கள், புல்லில் கால் வைக்கமாட்டார்கள், குப்பையை நானே ஏற்றிப்போவேன் என்றார். சொல்வது சுலபம் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். அது நியாயமான முணுமுணுப்புத்தான். உவேலி கையைத் தூக்கி, ஒரு கோடை பார்ப்போம் என்றார். அவர் சொன்ன பிறகு வேறு கைகளும் உயர்ந்தன. தடுப்பு ஒரு கோடைக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு புதிய சனத்தோடு பஸ் வந்தது. சாப்பாடு தயார் என்று சொல்ல வந்த கோசலா கதவடியில் நின்றாள். துஷாந்தன் ஒருவரையும் இறங்க விடாமல் மைக்கைக் கையில் எடுத்தார்.

“ஒரு நிமிசம் கேளுங்கோ. மலை எல்லாருக்கும் பொது, ஆசை தீரப் பாருங்கோ. ஆனா இஞ்ச இருக்கிற சனத்தின்ர பிழைப்பு எங்களுக்குப் பொதுச்சொத்தில்லை. ஒரு ஊரைப் பாக்கப் போனா அந்த ஊர் சீவிக்க ஏதாவது குடுத்திட்டு வரவேணும். ஒண்டும் குடுக்காமக் குப்பையை மட்டும் விட்டிட்டு வாறதுக்குப் பேர் சுற்றுலா இல்லை, களவு. இதை நான் விளங்கிக்கொள்ள ஒரு மாடு சாகவேண்டிக் கிடந்தது. இன்னொண்டு சாகக்கூடாது. இப்ப இறங்குங்கோ, என்ர தங்கச்சி சமைச்சது ஆறுது.”