நீலக் கேட்டில் ஒப்படைத்தது

பனையடிப்பட்டியில் குறையுள்ளவர்கள் தீர்ந்துபோய்ப் பல வருஷமாகிவிட்டது. மேல்நிலைப் பள்ளியின் நலப்பணி மன்றத்துப் பிள்ளைகள் சனிக்கிழமை தவறாமல் போய் உதவி உதவி, ஊரில் உதவுவதற்கு ஆளே இல்லாமல் செய்துவிட்டார்கள். அதற்காக மன்றத்தை மூடிவிட முடியுமா? புதிதாகப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டேதான் இருந்தார்கள். தொப்பியும் தைத்தாகிவிட்டது. ஆகையால் கடைசியாக இருந்தவர்களிடம் கழற்றி வாங்கிய குறைகளை ஒரு தகரப் பெட்டிக்குள் அந்துருண்டை போட்டு வைத்திருந்தார்கள். பசி, முதுமை, எழுத்துத் தெரியாமை, வழி தெரியாமை என்று எல்லாம் அதற்குள் இருந்தன. ஊர்க்காரர்கள் தெரு முறை வைத்து வாங்கிப்போய், சனிக்கிழமை காலையில் உடுப்புக்குள் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் வந்து உட்காருவார்கள். பிள்ளைகள் உதவுவார்கள். பிறகு துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சிலர் துவைக்காமலே கொடுப்பதும் உண்டு.

செங்கல் சூளைத் தெருவின் முறை ஐப்பசி அடைமழையில் வந்தது. பேச்சிக்கனி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வரும்போதே வழி தெரியாமையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கை இல்லாத பனியன் மாதிரி, சாம்பல் நிறத்தில் மெல்லிசாக இருந்தது. மோந்து பார்த்தாள். போன வாரம் போட்டிருந்தவர் மூக்குப்பொடிக்காரர் போலிருக்கிறது.

"இதை எப்படித் துவைக்காம உடம்புல போடுறது" என்று சோப்புத் தண்ணீரில் முக்கினாள்.

அவள் மகள் பொன்மாரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்மாரி பிளஸ் ஒன் படிக்கிறாள். நலப்பணி மன்றத்தில் இருக்கிறாள். நாளைக்கு அம்மா போக வேண்டாம், அப்பாவை அனுப்பு என்றாள். அப்பாவுக்குச் சூளையில் தீ வைக்கிற நாள் என்றாள் பேச்சிக்கனி. அப்படியானால் நல்ல சேலையாவது கட்டிக்கொண்டு வா என்றாள் பொன்மாரி.

"வழி தெரியாதவ பட்டுச்சேலை கட்டிட்டு வந்து உக்காந்தா எவன் நம்புவான்?" என்று பேச்சிக்கனி சிரித்தாள். அவள் சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும்.

சேலை ஒரு சாக்குத்தான். செங்கல் மண் பேச்சிக்கனியின் நகக்கண்ணிலும் குதிகால் வெடிப்பிலும் ஏறிச் சிவந்து கிடந்தது. எந்தச் சேலை கட்டினாலும் அது போகாது. பொன்மாரிக்கு வேறொரு சங்கடமும் இருந்தது. அவளும் ஹெப்சிபாவும் தினமும் ஒன்றாகச் சைக்கிளில் வீடு திரும்புவார்கள். கடைவீதி தாண்டி ரைஸ்மில்காரரின் மாடி வீடு. நீலக் கேட்டு. பொன்மாரி அங்கே இறங்கிக் கேட்டின் மேல் கையை வைத்து, "சரிட்டி, நாளைக்குப் பாப்போம்" என்பாள். ஹெப்சிபா திருப்பத்தில் மறைகிறவரை கை கேட்டிலேயே இருக்கும். மறைந்ததும் வந்த வழியே முக்குவரை போய், இடது பக்கம் திரும்பி, சூளைக்கு மிதிப்பாள். எட்டாம் வகுப்பில் ஆரம்பித்தது. நிறுத்த ஒரு நல்ல நாள் கிடைக்கவே இல்லை.

சனிக்கிழமை காலையில் பொன்மாரி அம்மாவுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். மன்றத்துப் பொறுப்பாசிரியர் தானியேல் சார் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, வழக்கம்போல விதிகளைச் சொன்னார். ஒப்படைத்தால் ஒப்படைத்ததுதான், வழி தெரியாதவரை எந்த வாசலில் விட்டீர்களோ அதுதான் அவருடைய வாசல், பிறகு அதைத் தாண்ட முடியாது. வழி தெரியாதவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறவரை மட்டும் எந்த வாசலும் தடுக்காது. சொல்லி முடித்து, "ஹெப்சிபாவும் பொன்மாரியும் வழி தெரியாதவங்களைப் பாத்துக்கோங்க" என்றார்.

பேச்சிக்கனி பெஞ்சில் மடியில் பையை வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வழி தெரியாதவர்கள் எப்படி உட்காருவார்களோ அப்படியே இருந்தது.

ஹெப்சிபா சொல்லிக்கொடுத்த பிரகாரம் கும்பிட்டு, எங்கே போகவேண்டும் என்று கேட்டாள். பேச்சிக்கனி ஒரு தடவை மகளைப் பார்த்தாள்.

"அதானே பிள்ள தெரியல."

"இவங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே. உனக்குத் தெரியுமாட்டி?" என்றாள் ஹெப்சிபா.

பஸ் ஒன்று வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. அது போகிறவரை பொன்மாரிக்கு அவகாசம் இருந்தது. போன பிறகு, "எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கிற அக்கா" என்று ஒரு குரல் கேட்டது. தன் வாயிலிருந்துதான் வந்தது என்பது அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

பேச்சிக்கனி குனிந்து தன் காலைப் பார்த்தாள். "ஆமா, பாத்திரந்தான் தேய்க்கேன்" என்று எழுந்துகொண்டாள்.

ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். முக்கு வந்ததும் பேச்சிக்கனியின் நடை தயங்கியது. பழகின காலுக்கு அப்படி ஒரு தயக்கம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பொன்மாரி அவளை நேராக இழுத்தாள். இழுபட்டு வந்தாள்.

நீலக் கேட்டைத் தட்டியதும் ரைஸ்மில்காரர் மனைவி சண்முகவடிவு வந்து திறந்தாள். அந்த வீட்டில் அதுவரை பாத்திரம் தேய்க்க ஆள் வைத்ததில்லை. மன்றத்துத் தொப்பிகளைப் பார்த்தாள், நடுவில் நின்றவளைப் பார்த்தாள்.

"வந்துட்டியா? ராத்திரிச் சட்டியெல்லாம் அப்படியே கெடக்கு" என்றாள்.

பேச்சிக்கனி உள்ளே போனாள். கேட்டுச் சாத்திக்கொண்டது. நீ உள்ளே போகவில்லையா என்று ஹெப்சிபா கேட்டதற்கு, தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள் பொன்மாரி.

வீட்டில் அப்பா சூளையிலிருந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தார். தம்பி சுதன் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு அம்மா எங்கே என்றான். அப்பா, ஒப்படைத்தாகிவிட்டதா என்றார். ஆகிவிட்டது. எங்கே? நீலக் கேட்டில். அவர் களைந்த தண்ணீரை வடித்தார். "ஒப்படைச்சா ஒப்படைச்சதுதான்" என்றார். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பொன்மாரிக்கு இருந்தது.

அதன்பிறகு அப்பா பொங்கினார், சுதன் பெருக்கினான். பின்பக்கத்துக் கொடியில் கிடந்த துணிகளை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மழை நனைத்தது, வெயில் காய வைத்தது, மறுபடி மழை நனைத்தது. வழி தெரியாமை இன்னும் திரும்பி வரவில்லையே என்று தானியேல் சார் ஒருநாள் விசாரித்தார். அம்மா இன்னும் அதைப் போட்டிருக்கிறாள் என்று பொன்மாரிக்கு அப்போது கொஞ்சம் மூச்சு வந்தது. வழி தெரியாதவளுக்கு எந்த வீடும் ஒரே வீடுதானே. கொண்டுபோய் விட்ட வீட்டைத் தன் வீடென்றே நினைத்திருப்பாள். அப்படி நினைத்தால்தான் பொன்மாரியால் ராத்திரி சாப்பிட முடிந்தது.

அவளுக்குத் தானாகத் தலை பின்னத் தெரியாது. அதனால் காலையில் ஹெப்சிபா வருவதற்கு முன்பே நீலக் கேட்டுக்குப் போய், கம்பிக்கு முதுகைக் காட்டி நிற்பாள். பேச்சிக்கனி உள்ளிருந்து கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு ரெட்டைச் சடை பின்னிவிடுவாள். சுதன் சாப்பிட்டானா, அப்பாவுக்கு இருமல் எப்படி, குழம்புக்குப் புளி எங்கே இருக்கிறது, எல்லாம் அப்போதுதான். கொண்டுவந்து விட்ட வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

ஒருநாள் ஹெப்சிபா சீக்கிரமே வந்துவிட்டாள். பாதிச் சடையில் நின்றவளைப் பார்த்து, வீட்டுக்கு உள்ளே நின்று பின்னிக்கொள்ளக் கூடாதா என்றுகூடக் கேட்கவில்லை.

"உங்க வீட்டு அக்கா சூப்பராப் பின்னுறாங்கட்டி. எனக்கும் பின்னிவிடச் சொல்லேன்."

கம்பிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"அதுக்கென்ன, நில்லும்மா. முதல்ல இவங்களுக்கு முடிச்சிருதேன்." பிறகு, மகளின் தோளுக்குப் பக்கத்தில் செங்கல் மண் ஏறிய உள்ளங்கை நீண்டது. "பாப்பா, ரிப்பனைக் குடுங்க."

பொன்மாரி ரிப்பனைக் கொடுத்தாள். அன்றைக்கு முழுக்க அந்தச் சடை தலையை வலித்தது. தளர்த்திப் பார்த்தாள். அவிழ்த்தும் பார்த்தாள். வலி நிற்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மன்றம் கூடியதும் அவள் கையைத் தூக்கினாள். தானியேல் சார் என்ன என்றார். எழுந்து நின்றாள். காலில் இருந்த செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீலக் கேட்டுல விட்டது எங்க அம்மா. அது எங்க வீடு இல்ல. எங்க வீடு சூளைக்குப் பின்னாடி இருக்கு."

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஹெப்சிபா மட்டும் திரும்பி, "அப்ப தினமும் நான் போன பெறகு சூளைவரைக்கும் மிதிச்சியா? முன்னாலயே சொல்லியிருந்தா துணைக்கு வந்திருப்பேனே" என்றாள். அதற்கு அவள் சிரித்திருந்தாலே தேவலை.

தானியேல் சார் கொஞ்சம் யோசித்தார். ஒப்படைத்த ஆளை எடுக்க விதியில் இடமில்லை என்றார். வீட்டைக் கொண்டுபோய் ஒப்படைக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை என்றும் சொன்னார். எல்லோரும் தொப்பியை மாட்டிக்கொண்டு சூளைக்குக் கிளம்பினார்கள்.

வீடு சின்ன வீடு. நான்கு மூலைக்கும் ஆள் நின்று, சுவரோரமாகத் தோள் கொடுத்து, தானியேல் சார் விசில் ஊதியதும் தூக்கினார்கள். சுதன் உள்ளே பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனை எழுப்பவில்லை. கொடி வீட்டின் பின்னாலேயே கட்டியிருந்ததால் அதுவும் துணியோடு வந்தது.

வீட்டைப் பொன்மாரி எப்போதும் உள்ளே இருந்துதான் பார்த்திருக்கிறாள். கடைவீதியின் நடுவில், பகல் வெளிச்சத்தில், அது வேறு மாதிரி இருந்தது. சாக்குத் தைத்து மறைத்த ஜன்னல், கரி பிடித்த சட்டி, அம்மாவின் பழைய பாவாடையில் தைத்த திரை, சுவரில் அவள் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்த பாட அட்டவணை. காய்கறிக் கடைக்காரர் வழிவிட்டுத் தராசைத் தள்ளி வைத்தார். ஜவுளிக் கடையிலிருந்து இரண்டு பெண்கள் வெளியே வந்து, உள்ளே பார்த்து, சுதனிடம் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டார்கள். வெங்காயம் என்றான் அவன், வீதிக்கே கேட்கும்படி. மற்றப் பிள்ளைகள் வீடு பஞ்சு மாதிரி இருக்கிறது என்று பேசிக்கொண்டு நடந்தார்கள். பொன்மாரியின் மூலையில் மட்டும் அது தோளை அமுக்கியது. ஹெப்சிபா தன் இடத்தை விட்டு வந்து அவள் பக்கத்தில் தோள் கொடுத்தாள்.

"ஏட்டி, இங்க மட்டும் என்ன இப்படிக் கனக்கு?" என்றாள். இடம் மாறவில்லை.

நீலக் கேட்டுக்கு எதிரே, வாசலுக்கு வாசல் சேரும்படி வீட்டை இறக்கினார்கள். பேச்சிக்கனி சோப்பு நுரைக் கையோடு வந்தாள். கேட்டைத் திறந்து ஒரே எட்டில் தன் வீட்டுக்குள் நுழைந்தாள். சுதனின் தட்டைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், சட்டியைக் கவிழ்த்து வைக்கத் தெரியாதா என்று பொதுவாகக் கேட்டாள். பிறகு பின்பக்கம் போனாள். பொன்மாரியும் பின்னால் போனாள்.

கொடியில் அப்பாவின் சட்டைக்கும் ஒரு துண்டுக்கும் நடுவே, இரண்டு கிளிப் போட்டபடி, வழி தெரியாமை தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் கிடந்து சாம்பல் நிறம் போய் வெளுத்திருந்தது.

பொன்மாரி அதைத் தொட்டுப் பார்த்தாள். மொடமொடவென்று இருந்தது.

"எம்மா, இது எப்பக் காயப்போட்டது?"

"அந்த வெள்ளிக்கிழமதான். ஐப்பசி மாசத்துல ஒரு ராத்திரியில காயுமா? ஈரத்தோட போட்டா சளி பிடிக்கும்."

"அப்ப பெஞ்சுக்கு வந்தப்ப நீ இதைப் போடவே இல்லையா?"

"இல்ல."

பொன்மாரிக்கு அடுத்த கேள்வி என்னவென்று தெரியும். பேச்சிக்கனி கிளிப்புகளைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டே, குழம்பில் உப்பு குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீ முக்குல சூளைப் பக்கம் திரும்புவேன்னு பாத்தேன்."

வழி தெரியாமையை உதறி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். நனைந்து நனைந்து காய்ந்ததில் நன்றாகச் சுருங்கியிருந்தது. இனி பெரியவர்களுக்கு ஆகாது என்றாள். மகளின் முதுகில் வைத்து அளவு பார்த்தாள்.

"எங்க, கையைத் தூக்கு."

பொன்மாரி தூக்கினாள். யூனிஃபார்முக்கு மேலேயே அது இறங்கியது. தைத்தது மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது எதிரே ஏதோ ஒரு கேட்டு இருந்தது, ஏதோ ஒரு தெரு இருந்தது. தொப்பி போட்ட பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி ஹெப்சிபா. எந்தப் பக்கம் போனால் எங்கே போய்ச் சேரும் என்பது மட்டும் சுத்தமாகத் தெரியவில்லை.

ஈரம் காயாத ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது. நகக்கண்ணெல்லாம் செங்கல் மண்.

"எங்க போகணும் பிள்ள?"

"தெரியலம்மா."

"சரி, வா."

பேச்சிக்கனி அவளைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். எந்த வாசலும் தடுக்கவில்லை. ஓர் இடத்தில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. அம்மா ஒரு பக்கம் திரும்பினாள். அது எந்தப் பக்கம் என்று பொன்மாரிக்குத் தெரியவில்லை. கூடவே திரும்பினாள்.

பின்னால் வீடும் எழுந்து வந்துகொண்டிருந்தது. யாரும் தூக்கவில்லை. சுதன் ஜன்னல் சாக்கை விலக்கிக் கை கழுவினான். வாசற்படி மட்டும் கொஞ்சம் பின்தங்கி வந்தது.