அணைக்கப்படாத கருப்பூரம்

மழை பொய்த்துப்போன எண்பத்து மூன்றாம் ஆண்டின் பங்குனித் திங்களில் ஒரு மாலைப்பொழுது. கிழக்கே சிறுமலை, முகிலின் தடமும் இல்லாத வானத்தின்கீழ்த் தன் நீலத்தை இழந்து சாம்பல் பூத்து நிற்க, வடக்கே திண்டுக்கல்லுக்குப் பெயரீந்த பெரும்பாறை, பகலெல்லாம் பருகிய வெம்மையைச் சமவெளியின்மேல் மெல்ல உமிழ்ந்துகொண்டிருக்க, இடையே விரிந்த நிலமோ, நீர் கண்ட பாத்தி பச்சையாகவும் காணாத பாத்தி பழுப்பாகவும், ஒட்டுப்போட்ட பழந்துணிபோலக் கிடந்தது. காற்று இருந்தது, அதில் ஈரம் இல்லை. காளியம்மன் கோயில் வேம்பினடியில் ஊர் கூடியிருந்தது. அக்கூட்டத்தின் ஓரத்தில், தன் முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள் அம்பிகா.

படிக்கும் அன்பரே, அவ்வாண்டு அவ்வூரில் பொன்னைக் களவாடியவனைப் பொறுத்தாலும் பொறுப்பர். தண்ணீரைக் களவாடியவரைப் பொறார். உழவர் பலருக்கும் பொதுவான கிணற்றில் ஆளுக்கொரு நாள் முறை வைத்து நீர் இறைத்தனர். முந்தின நாள் ஒச்சப்பனின் முறை. மாலையில் மின்னாற்றல் வந்து பொறி ஓடத் தொடங்கியதும் வாய்க்காலில் புரண்ட நீர், அவன் வெங்காயப் பாத்தியைச் சென்று சேராமல், இடைவழியில் கரை உடைத்துக் கருப்பம்மாளின் கத்தரிக்கொல்லையில் பாய்ந்துவிட்டது. கணவனை இழந்து அந்தக் குறுநிலத்தையே பற்றி வாழ்பவள் அவள். கரையை வெட்டிவிட்டவள் அவளே என்றான் ஒச்சப்பன். பிறர் முறையில் நீரைத் திருப்பியவர் ஆடி பிறக்கும்வரை தம் முறையை இழக்க வேண்டும் என்பது ஊர்க்கட்டு. அதுவரை நீர் இல்லையெனில் கத்தரி காயும். கத்தரி காய்ந்தால் கருப்பம்மாள் நிலத்தை விற்றுவிட்டு, மருமகன் வாசலில் சோற்றுக்கு நிற்க வேண்டியதுதான்.

வழக்கு இப்படி வந்தால், அம்மன்முன் வெற்றிலையில் கருப்பூரம் ஏற்றி, எரியும் சுடரை உள்ளங்கையால் அடித்து அணைத்து உண்மை உரைப்பது அவ்வூர் மரபு. பொய்யுரைத்தவர் குடும்பத்தில் விளக்கு அணையும், பிள்ளை உயிர்க்கே கேடு வரும் என்பது நம்பிக்கை. தன் வயிற்றுக்காக எவரும் கை நீட்டுவர் ஆதலின் குற்றம் சுமந்தவரின் கை ஏற்கப்படாது. அவருக்காக வேறொருவர் அணைக்க வேண்டும். ஒருவரும் முன்வராவிட்டால், முறையிட்டவர் அணைத்து வழக்கை வென்றுகொள்ளலாம்.

கருப்பம்மாளுக்காகப் பேசத்தக்கவன் ஒருவனே இருந்தான். அவன் அம்பிகாவின் கணவன் சேதுபதி. நாகல் நகரில் தையற்கடை வைத்திருப்பவன். முந்தின நாள் நண்பகல் உணவு முடித்து மிதிவண்டியில் கடைக்குத் திரும்புகையில், ஒச்சப்பனின் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி நின்றதையும், அது ஏறுகையில் கரைமண் சரிந்ததையும் கண்டவன் அவன். ஆயின் அவன் கடவுளை நம்பாதவன். தைக்க வந்த துணியில் வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் முடிந்து உடையவரிடமே திருப்பித் தருபவன். அதற்காக ஊர் அவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்று நகைத்தது. கோயில் வாசலை மிதிக்காததற்காக அவனை அஞ்சவும் செய்தது.

ஊர் கூடிய அன்று காலையிலேயே கருப்பம்மாள் அவர்கள் வீடு தேடி வந்து, வாய் திறந்து ஒன்றும் கேளாமல், மோரைக் குடித்துவிட்டு, மோர் நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லிப் போயிருந்தாள். அந்தச் சொல்லாமை அம்பிகாவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. மகள் புவனேஸ்வரிக்கு அம்மை இறங்கி வேப்பிலை நீர் ஊற்றிய ஈரம் இன்னும் ஆறவில்லை. குழந்தையின் கன்னத்துத் தழும்பைத் தொடும்போதெல்லாம் அம்மனின் விரலைத் தொட்டதுபோல் நடுங்குபவள் அவள். கணவன் மறுத்தால் அம்மன் சினப்பாளோ, நம்பாமலே அணைத்தால் இன்னும் சினப்பாளோ என்று, இருபுறமும் நெருப்பெரியும் வழியில் நிற்பவள்போல் தவித்தாள்.

"ஒரு தடவ கை வச்சுட்டு வந்துருங்களேன். நீங்க பாத்தது நெசந்தானே?" என்று வீட்டிலேயே கணவனிடம் கெஞ்சினாள்.

"பாத்தது நெசம். ஆனா நம்பாத ஒண்ணு மேல கை வச்சுச் சொன்னா, அந்த நெசத்துக்கு முன்னாடியே ஒரு பொய்யச் சொன்னதாயிரும் அம்பிகா," என்றான் அவன்.

எருமையைக் கண்டதோடு அதையும் அவன் ஊரவையில் சொன்னபோது, வேம்பினடியில் முணுமுணுப்பு எழுந்தது. ஒச்சப்பன் துண்டை உதறித் தோளிலிட்டுக்கொண்டு, "சாமி கண்ணுக்குத் தெரியலையாம், எம் எருமை மட்டும் தெரிஞ்சுருச்சாக்கும்," என்றான்.

"எருமை ஒளிஞ்சு நிக்கல மாமா. அதான் தெரிஞ்சுச்சு."

சிலர் சிரித்தனர். ஊர்ப்பெரியவர் சின்னக்கண்ணு சிரிக்கவில்லை. வெற்றிலையில் கருப்பூரத்தை வைக்கப் பூசாரிக்குக் கைகாட்டிவிட்டு, அவனை நேர்நோக்கி, சினமின்றி, உண்மையாகவே அறிய விழைபவர்போல் வினவினார்:

"ஏப்பா, சாமிக்கே பயப்படாதவன் வேற எதுக்குப் பயப்படுவ? நாளைக்கு ஒருத்தன் வந்து உன்னைய மாத்திச் சொல்லச் சொன்னா, மாட்டேன்னு நாங்க எத வச்சு நம்புறது?"

நூல் கோக்கும்போது ஊசிக்கண்ணைத் தேடுவதுபோல் சேதுபதியின் பார்வை எங்கோ சென்று திரும்பிற்று. அவ்வமைதியைத் தோல்வியென்று கொண்ட ஊர், ஒச்சப்பன் பக்கம் திரும்பியது. கருப்பம்மாளோ தலை குனிந்து, தன் முறை போனதென்றே முடிவு கட்டியவளாய், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தான் எப்போது அடியெடுத்து வைத்தோம் என்று அம்பிகாவுக்கே தெரியவில்லை. "அவுகளுக்குப் பதிலா நான் அணைக்கிறேன் பெரியப்பா. அவுக பொய் சொல்ல மாட்டாக," என்ற குரல் தன்னுடையதென்று கேட்டபின்னரே உணர்ந்தாள். வீட்டுக்காரி கை வைக்கலாம் என்று சின்னக்கண்ணு இசைந்தார். சுடர் எழுந்தது. குனிந்தவளின் உள்ளங்கையை வெம்மை தீண்டியது. அக்கணம் அவள் கண்முன் அம்மன் முகம் தோன்றவில்லை, புவனேஸ்வரியின் தழும்புக் கன்னமே தோன்றியது. கணவர் கண்டதில் ஓர் இழை பிசகியிருந்தாலும், ஈடாக வைத்தது மகளையன்றோ என்று எண்ணியபோது விரல்கள் நடுங்கின. ஆயினும் கையை அவள் எடுக்கவில்லை.

அந்த மணிக்கட்டைச் சேதுபதி பற்றிக்கொண்டான்.

"பொறு. நான் இன்னும் முழுசாச் சொல்லல," என்று அவன் ஊரை நோக்கினான், அவன் விரல்கள் அவள் கையின்மேல் நடுங்கின. "எருமை எறங்குனதப் பாத்தேன். கரையில மண்ணு சரிஞ்சதப் பாத்தேன். அப்பக் கரண்டு இல்ல, தண்ணி வரல. தண்ணி வந்தப்ப நான் கடையில இருந்தேன். அதுக்கப்புறம் அவுக மம்பட்டி எடுத்தாகளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. எடுத்திருக்க மாட்டாகன்னு நெனைக்கிறேன். நெனைக்கிறது சாட்சியாகாது."

வென்றிருக்க வேண்டிய வழக்கைத் தன் வாயாலேயே பாதியாக அறுத்துவிட்டானே என்று, அவனைப் பார்க்கவும் மாட்டாமல் நின்றாள் அம்பிகா.

சாட்சி அரைகுறையென்றும், இனி ஒச்சப்பன் அணைக்கலாமென்றும் சின்னக்கண்ணு உரைத்தார். ஒச்சப்பன் தீயவனல்லன், செவ்வாய்தோறும் அம்மனுக்கு விளக்கிடுபவன், கருப்பம்மாளே குற்றவாளி என்று முழுமனத்தோடு நம்பியவன். அம்மனைக் கும்பிட்டு, சுடரின்மேல் கையை ஓங்கினான். ஓங்கிய கை இறங்கவில்லை. சற்றுமுன் கேட்ட சொற்கள் அவனைப் பின்னின்று பிடித்தனபோலும். நின்ற நிலையிலேயே, தன்னோடு தானே வழக்காடுபவன்போல் உதடுகள் அசைந்தன. பின் கையை மடக்கி மார்போடு சேர்த்துக்கொண்டான்.

"உடைஞ்ச கரையப் பாத்தேன். அவ கொல்லையில ஈரத்தப் பாத்தேன். வெட்டுனத..." என்று நிறுத்தினான். "வெட்டுனத நானும் பாக்கல."

வெற்றிலையின் விளிம்பு கருகிச் சுருள, கருப்பூரம் தன்னளவுக்கு எரிந்து, எவர் கையும் படாமல் தானே தணிந்தது. கருப்பம்மாளின் முறையை நிறுத்த வழியில்லை என்றார் சின்னக்கண்ணு. அப்போதுதான் கருப்பம்மாள் ஒச்சப்பனைப் பார்த்து, அவையில் முதன்முறையாக வாய் திறந்தாள்: "வெட்டல அப்பு. ஆனா தண்ணியக் குடிச்சது எங் கத்தரிதான். என் முறையில பாதிய நீ பாச்சிக்க, வெங்காயம் வாடுது." ஒச்சப்பன் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தான்.

ஒளி குன்றிய வண்டிப்பாதையில் கணவனும் மனைவியும் திரும்பினர். மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவனிடம், நெடுநேரம் கேளாது வைத்திருந்ததை அம்பிகா கேட்டாள். "நான் அணைச்சா ஒண்ணும் ஆகாதுன்னுதானே உங்க எண்ணம். அப்புறம் ஏன் கையப் பிடிச்சீக?"

"ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதே. புள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட நீ இந்தக் கையத்தானே பாத்துக்கிட்டு இருப்ப."

அவள் அம்மனை விட்டுவிடவும் இல்லை. அவன் கோயிலுக்குள் புகுந்துவிடவும் இல்லை. அவ்வச்சம் அவளைவிட்டு அன்றும் முற்றாக நீங்கவில்லை. ஆயினும் அன்பரே, தெய்வத்தை அஞ்சி நடுங்கிய தன் விரலையும், தன் சொல் பிறர்மேல் விழுமோ என்று அஞ்சி நடுங்கிய கணவன் விரலையும் ஒரே சுடரின் ஒளியில் கண்டவள் அவள். எது எந்த நடுக்கம் என்று பிரித்தறிய அன்று அவளால் இயலவில்லை, பின்னாளிலும் இயலவில்லை. அறம் எங்கிருந்து ஊறுகிறதென்று அவள் அறியாள். ஆனால், அது ஊறிய இடத்தில் ஒருமுறை நின்றிருந்தாள்.