பூ முடிந்த தொட்டிகள்

பூ உதிர்ந்த ஆர்க்கிட் செடியை என்ன செய்வது என்பதற்கு எங்கள் கம்பெனிக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். கறுப்புப் பைக்குள் போட்டு முடிச்சுப் போடுவது.

ஆபீஸ்களுக்குச் செடி வாடகைக்கு விடும் கம்பெனி அது. வங்கி, வக்கீல் ஆபீஸ், பல் டாக்டர் கிளினிக், இன்ஷூரன்ஸ் என்று ஒரு நாளைக்கு எனக்குப் பதினோரு இடம். வாசலில் நுழைகிறவன் கண்ணுக்கு நேரே மேஜையில் ஆர்க்கிட் எப்போதும் பூத்தபடி இருக்க வேண்டும். கடைசிப் பூ தலையைத் தொங்கப் போடுவதற்குள் புதுத் தொட்டியோடு நான் போய் நிற்க வேண்டும். பழைய செடிக்கு ஒரு நோயும் இருக்காது. பூத்துக் களைத்திருக்கும், அவ்வளவுதான். களைத்ததையெல்லாம் குப்பையில் போடுவதென்றால் என்னை எப்போதோ போட்டிருக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் வங்கியில் மாற்றிய செடியைப் பைக்குள் போட மனசு வராமல் வீட்டுக்கு எடுத்து வந்தேன். பதினாறு வருஷமாக ஆர்க்கிட் சுமக்கிறவள், அதையெல்லாம் கரைத்துக் குடித்திருப்பாள் என்றுதானே நினைப்பீர்கள்? முதல் மூன்று செடியையும் நானே கொன்றேன். நல்ல மண், நல்ல எரு, தினமும் தண்ணீர் என்று ராஜ உபசாரம் செய்தேன். வேரெல்லாம் அழுகிக் கூழாகிவிட்டது. பூ முடிந்த ஆர்க்கிட்டை எப்படி வளர்ப்பது என்று எங்கள் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் தேவையே வந்ததில்லை.

பட்டுத்தான் கற்றேன். மண்ணே கூடாது. மரப்பட்டைத் துண்டும் கொஞ்சம் கரியும் போதும். அழுகின வேரை நறுக்கி எறிந்துவிட்டு விறைப்பாக இருக்கிற வேரை மட்டும் விட வேண்டும். தெம்பில்லாத செடியில் பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தண்டைக் காப்பாற்றுவதிலேயே செடி இருக்கிற சத்தையெல்லாம் செலவழிக்கும். வேர் பச்சையாக இருக்கிறவரை தண்ணீர் காட்டக் கூடாது, வெள்ளி மாதிரி வெளுத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். இலைக்கு நடுவில் தண்ணீர் தேங்கினால் குருத்து போச்சு. காலை வெயில் போதும். இத்தனையும் செய்த பிறகு மிச்சமிருக்கும் பெரிய வேலை, அதைச் சும்மா விடுவது. அந்த வேலை மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் வராது.

என் வீட்டுக்காரர் டைல்ஸ் போடுகிறவர். முப்பது வருஷம் ஊரார் வீட்டுத் தரையிலெல்லாம் மண்டியிட்டு இரண்டு முழங்காலையும் தொலைத்துவிட்டு, நாலு வருஷமாக வீட்டில் இருக்கிறார். நாங்கள் இருப்பது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. டாக்டரிடம் போவதற்கு மட்டும்தான் கீழே இறங்குவார். நான் செடி கொண்டுவர ஆரம்பித்ததும், உட்கார்ந்தபடியே மிச்ச டைல்ஸையும் பழைய பலகையையும் வைத்து பால்கனியில் மூன்று தட்டில் ஒரு ஸ்டாண்ட் செய்து கொடுத்தார். தண்ணீர் ஊற்றுகிற உரிமையை மட்டும் நான் கொடுக்கவில்லை. பொழுது போகாத மனுஷன் கையில் பூவாளி கிடைத்தால் செடி என்னத்துக்கு ஆகும்?

எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்தப் பெயரையே செடிக்கு வைத்தார். நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய செய்தி வந்துவிடும்.

"இன்ஷூரன்ஸு புது இலை விட்டிருக்காரு. பல் டாக்டருக்குத்தான் இன்னும் ரெண்டு இலையே. ஊருக்கெல்லாம் பல்லு கட்டறவரு, தனக்கு ஒண்ணும் கட்டிக்கல."

நான் சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் பால்கனியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவேன். பத்து நிமிஷம். ஒரு நாளில் யாரும் என்னை எதையும் கேட்காத நேரம் அது ஒன்றுதான். அந்தச் செடிகளும் கேட்காது, அவற்றால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை. அதனாலேயே எனக்கு அவற்றைப் பிடித்திருந்தது.

இந்த வருஷம் குளிர் தொடங்கியதும் வக்கீலின் இலை இடுக்கில் ஏதோ முளைத்தது. வேர் என்று நினைத்தேன். வேருக்கு நுனி மழுங்கலாக இருக்கும். இது சின்னதாக மூக்கை வைத்துக்கொண்டு மேலே பார்த்தது. பூத்தண்டு! பதினான்கு தொட்டியில் ஒன்பது தண்டு விட்டன. இரண்டு வருஷத்தில் எங்கள் வீட்டில் வந்த முதல் தண்டுகள். போன வாரம் அவற்றில் பாசிப்பயறு அளவுக்கு மொட்டுகள் வந்திருந்தன. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு வேலைக்குப் போகிற வழியெல்லாம் அதே நினைப்பாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் நான் குளித்துவிட்டு வந்தபோது அவர் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தார்.

"லிஸ்ட் கூப்பிட்டாரு."

எங்கள் சூப்பர்வைசரைத்தான் அப்படிச் சொல்வோம். கையில் லிஸ்ட் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"என்னவாம்?"

"புதன்கிழமை ஏதோ ஹோட்டல் தெறக்கறாங்களாம். சரக்கு வர லேட்டாம். ஆர்க்கிட் இல்லாம கையும் ஓடல காலும் ஓடலன்னு புலம்பினாரு. எங்க வீட்டுலயே ஒம்பது மொட்டு வச்சு நிக்குது சார், எல்லாம் நீங்க தூக்கிப் போட்டதுதான்னு சொன்னேன். மனுஷன் அசந்துட்டாரு. மொட்டா இருந்தாலும் பரவால்ல, அங்கயே விரியட்டும்னாரு. திங்கட்கிழமை காலைல வண்டியோட வராராம். இனிமே பூ முடிஞ்சதெல்லாம் உன்கிட்டயே அனுப்பிடறாராம், மாசம் நாப்பது தொட்டி. நீ வீட்டுலயே தேத்திக் குடுத்தா போதுமாம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே இவர் வாயால் நான் கெட்டேன்.

"உங்கள யாரு கேட்டா? போன் வந்தா அவ குளிக்கறான்னு சொல்லிட்டு வைக்கத் தெரியாதா?"

"உன்னப் பத்திப் பெருமையாத்தானே சொன்னேன். பதினாறு வருஷமா மாடு மாதிரி உழைக்கற. ஒருத்தன் ஒரு வார்த்தை பாராட்டியிருக்கானா?"

"அதுக்கு? பதினோரு எடத்துக்குப் போயிட்டு வந்து, வீட்டுல நாப்பது தொட்டிக்கு வேர் நறுக்கணுமா நான்? இருந்தது ஒரு பால்கனி. அதையும் ஆபீஸாக்கிட்டீங்க."

அவர் முகம் சுருங்கிப் போனது. எனக்கு அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

தர முடியாது என்று சொல்லலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வது? பையில் போட்டாலும் அது கம்பெனி செடி. லிஸ்ட் நல்ல மனுஷர்தான், என் தம்பி வயசு. 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார், கேட்டதை வாங்காமலும் போகமாட்டார். ஒன்பதும் ஹோட்டல் மேஜைக்குப் போகும், ஆறு வாரம் பல்லைக் காட்டும், பிறகு கறுப்புப் பை. எத்தனை பாடுபட்டு அவற்றை எழுப்பினேன், மறுபடியும் அதற்கேவா?

ஞாயிறு காலை கத்தரிக்கோலை அடுப்பில் காட்டிச் சுத்தம் செய்துகொண்டு பால்கனிக்குப் போனேன். முதலில் பல் டாக்டர். இரண்டே இலையும் மூன்று வேரும் வைத்துக்கொண்டு தண்டு விட்டிருந்தது. வேர் போதாத செடி பூத்தால் இருக்கிற இலையையும் தின்றுவிட்டுத்தான் பூக்கும். தண்டை வெட்டினால்தான் புது இலை வரும், புது வேர் வரும். இது சரியான வைத்தியம், யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அதே போல இன்னும் இரண்டு இருந்தன. மற்ற ஆறும் திடமான செடிகள், தாராளமாகப் பூத்திருக்கும். அவற்றையும் வெட்டினேன். அதற்கு வைத்தியம் என்று பெயர் வைக்க எனக்கு வாய் வராது. அலுப்பாக மட்டும் இருந்தது.

உள்ளே அவர் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் சத்தம் ஒன்பது தடவை அவருக்குக் கேட்டிருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து, வாளியில் கிடந்த தண்டுகளைப் பார்த்தார். அன்று முழுவதும் செடிகளைப் பற்றிய செய்தி வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் லிஸ்ட் நாலு மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். தண்ணீர் கொடுத்தேன். ஸ்டாண்டை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னக்கா, மொட்டு வச்சிருக்குன்னு சார் சொன்னாரே? வெறும் இலைதான் இருக்கு?"

"அவருக்கு என்ன தெரியும் தம்பி? வேர் நீட்டிக்கிட்டிருந்தாலும் மொட்டும்பாரு. ரெண்டு வருஷமா இதுங்க ஒண்ணுகூடப் பூத்ததில்ல. பூக்கவும் பூக்காது."

லிஸ்ட் இவரைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷன் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

"ஆமா சார். நான் டைல்ஸ் போடறவன். செடியப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

லிஸ்ட் ஏதோ ஒரு வரியை அடித்துவிட்டு, "சரிக்கா, நீங்க கீழ வாங்க, வண்டிலயே கூட்டிட்டுப் போயிடறேன்" என்று இறங்கினார். நாப்பது தொட்டிப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷம்தான் வரவில்லை.

பையை எடுக்க உள்ளே போனபோதுதான் என் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் பார்த்தேன். தண்ணீர்ச் சொம்பில் ஒன்பது தண்டும் நின்றன. அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டார்.

"அது விரியாதுங்க. பிஞ்சு மொட்டு."

"தெரியும். தூக்கிப் போட மனசு வரல." கட்டிலில் மெதுவாக உட்கார்ந்துகொண்டு சொன்னார். "நீ செஞ்சது சரிதான். நான்தான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்ல. வக்கீல் என்ன கலருன்னு ஒரு தடவ பாத்துடணும்னு இருந்தேன், அவ்வளவுதான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பதினான்கையும் நான் பூவோடு தூக்கிக்கொண்டு போய் மேஜை மேஜையாக வைத்தவள். இந்த மனுஷன் ஒன்றைக்கூடப் பூவோடு பார்த்ததில்லை. பூ முடிந்ததை மட்டும்தான் இரண்டு வருஷமாக நான் இவரிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். பகல் முழுக்க அவற்றின் எதிரில் உட்கார்ந்து காத்திருந்தவர் இவர். செடி என்னுடையது என்று நினைத்துக்கொண்டு வெட்டிவிட்டேன்.

கீழே வண்டி ஹாரன் அடித்தது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"வக்கீல் வெள்ளை. நடுவுல மட்டும் மஞ்சள் இருக்கும்."

"அப்படியா?" என்று சொம்பைப் பார்த்தார். "இன்ஷூரன்ஸு?"

"ரோஸ். கோடு கோடா ஓடும்."

"பல் டாக்டரு?"

எனக்கு ஞாபகம் இல்லை. பதினாறு வருஷம் பூவைச் சுமந்தேனே தவிர, பூவை எங்கே பார்த்தேன்? மாற்ற வேண்டிய தேதியைத்தான் பார்த்தேன்.

"ஊதா" என்றேன்.

"கரு ஊதாவா, வெளுத்த ஊதாவா?" என்று ஆசையாகக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.