சந்திரனில் கெட்டிமேளம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாவல் விஞ்ஞான ஆசையிலே தொடங்கியதல்ல. யசிந்தா ரீச்சரோடு கதைக்க எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. அவர் கடற்கரையோரக் குருநகர்ப் பக்கம், கத்தோலிக்கர், பள்ளிக்கூடத்திலே விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். நான் கதிரவேலு, அளவெட்டியிலிருந்து பட்டணத்துக் கந்தோருக்குச் சைக்கிளில் போய்வருகிற கிளாக்கர். சந்திரனுக்குப் போகிற பகிடிக் கதை எழுதினால் சந்தேகம் கேட்கலாம்தானே? இப்போது 1937. சந்தேகம் தீர்ந்தபாடில்லை.

2

முதல் வசனத்தை மூன்று தரம் எழுதினேன்.

அகண்ட அண்டவெளியின் இருளினூடே— (எனக்கே கொட்டாவி வந்தது.)

கி.பி. இரண்டாயிரத்தில் ஒரு நாள்— (அதுவரைக்கும் ஆர் இருக்கப் போகினம்?)

ஆகாயக் கப்பலிலே முதலில் தவிலை ஏற்றினார்கள்.

இது நின்றது. தவிலுக்குப் பேர்போன அளவெட்டியானுக்கு வேறென்ன வரும்? மேளமில்லாமல் ஒரு நல்ல காரியம் நடந்து நான் கண்டதில்லை. இரண்டு தவில், இரண்டு நாதஸ்வரம், ஒத்து, தாளம் என்று ஏற்றியதில் விஞ்ஞானிக்கு இடம் போதவில்லை. அவரை ஊரிலேயே விட்டுவிட்டேன். சந்திரனிலும் வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவினார்கள். சத்தியமாக நான் யோசித்து எழுதவில்லை, பேனை தன்பாட்டிலே போனது.

3

நாயகன் மார்க்கண்டு அங்கே ஒரு கடற்கரைப் பெண்ணிலே மயங்குகிறான். (ஏன் கடற்கரை என்று கேட்கவேண்டாம்.) கலியாணத்துக்கு முதல் அவள் முழுகி, சைவமாகி, மீன் காய்ச்சுகிற சட்டியைச் சந்தோசமாக உடைக்கிறாள்.

வாசிகசாலை வாசலிலே நின்று யசிந்தா வாசித்தார். தவில் ஏறின இடத்திலே வாய்விட்டுச் சிரித்தார். சட்டியிலே சிரிப்பு நின்றுவிட்டது.

“சந்தோசமாய் உடைச்சாள் எண்டு ஆரைக் கேட்டு எழுதினனீங்கள்?”

“அது கதைதானே, ரீச்சர்.”

“கதைதான். ஆனால் உங்கடை சந்திரனிலை எனக்கு இருக்க இடமில்லை.”

நான் இன்னும் கேளாத கேள்விக்கு அவர் மறுமொழி சொல்லிவிட்டார்.

“அவள் சட்டியை உடைக்கேல்லை, அந்த இடத்தை வெட்டிவிடுறன்,” என்றேன். “மேளத்தை மட்டும் விடேலாது. கெட்டிமேளம் கேளாமல் தாலி கட்டினால் அது கலியாணமே இல்லை.”

“எங்கடை ஆக்களுக்கு மாதா கோயில் மணி கேக்கவேணும். ஆனால் சந்திரனிலை காத்தில்லை. காத்தில்லாட்டில் மணியும் கேளாது, உங்கடை மேளமும் கேளாது.” தாள்களைத் திருப்பித் தந்தார். “ரெண்டும் கேளாத இடத்திலை கட்டினால் அது கலியாணமோ, இல்லையோ? நாளைக்கு வந்து சொல்லுங்கோ.”

4

அந்த நாளை இன்றைக்குத்தான்.

முடிவு ஒன்று: மார்க்கண்டு போத்தலிலே காற்றை அடைத்துக்கொண்டு— (கள்ளவேலை.)

முடிவு இரண்டு: அவளோடு ஊர் திரும்ப, இரண்டு வீட்டுக்காரரும்— (அவர்கள் பேசப்போகிற பேச்சை எழுத எனக்கு நெஞ்சுரம் காணாது.)

முடிவு மூன்று: தவில்காரர் தோள் நோக அடிக்கிறார். சத்தமில்லை. மற்றப் பக்கம் ஒருவர் மணிக்கயிற்றை இழுக்கிறார். அதுவும் கேளாது. மார்க்கண்டு தாலியோடு நிற்கிறான். அவள் குனியவில்லை. “இது கலியாணமோ?” என்று கேட்பது உதட்டிலே தெரிகிறது. அவன் ஓம் என்றாலும் அவளுக்குக் கேட்கப்போவதில்லை, தலையைத்தான் ஆட்டவேண்டும்.

ஆட்டினானா? அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது பயமும் சந்தோசமும் ஒன்றாக வருகிறது. சைக்கிளை எடுக்கிறேன். வாசிகசாலை பூட்டமுதல் யசிந்தா ரீச்சருக்கு முன்னாலே போய் நின்று ஒருக்கால் தலையாட்ட வேண்டும்.