கீரி பார்த்த வீடு

நான் கேட்டது ஒரே ஒரு கதவு. மாடி கேட்கவில்லை, மார்பிள் கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து கொல்லையில் இறங்க ஒரு கதவு வையுங்கள் என்று வீடியோ காலில் தொண்டை கட்டுகிற அளவுக்குச் சொன்னேன். என் வீட்டுக்காரர் முத்துராஜ், குவைத்தில் இருந்துகொண்டே கீரனூரில் வீடு கட்டியவர். கொத்தனார் ஆத்மநாதன் அண்ணனிடம் மணிக்கணக்கில் யோசனை கேட்பார், என்னிடம் முடிவை மட்டும் சொல்வார். நான் மகள் ஹரிணிக் குட்டியை வைத்துக்கொண்டு தனியாக இருக்கப்போகிறேனாம், ஒரு வாசல் என்றால்தான் பாதுகாப்பாம். அக்கறைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கழுவின தண்ணியைத் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றி ஓடப்போவது அவரா? வேண்டாத ஆள் யாராவது வாசலை மறித்து நின்றால் பிள்ளையோடு நான் எந்தப் பக்கம் போவேன் என்றும் கேட்டேன். சிக்னல் சரியில்லை என்றார்.

பால் காய்ச்சுவதற்காக லீவு போட்டு வந்து இறங்கினார். அன்றைக்கே சொல்லிவிட்டேன், கதவில்லாத அடுப்படியில் பால் காய்ச்ச என்னைக் கூப்பிடக்கூடாது என்று. வந்ததும் வராததுமா ஆரம்பித்துவிட்டாயா என்று குளிக்கப் போய்விட்டார்.

கொல்லையில் மிச்சச் செங்கல் குவிந்து கிடந்தது. விருந்துக்குச் சமைக்க அங்கேதான் இடம். அள்ளப் போன ஆத்மநாதன் அண்ணன், உள்ளே கீரி குட்டி போட்டிருக்கிறது என்று வெறுங்கையோடு திரும்பி வந்தார். முத்துராஜுக்குப் பாம்பென்றால் குலை நடுங்கும். கீரி குடியிருக்கிறது என்றதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம், ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்தபோதுகூட வரவில்லை. அதை விரட்டக்கூடாது, வேலியோரம் தனி வீடு கட்டிக் கொடுத்தால் தானே மாறிக்கொள்ளும் என்றார்.

கட்டினார். நாலு பக்கமும் செங்கல், மேலே கடப்பாக்கல் துண்டு, உள்ளே மெத்தைக்குக் கிழிந்த சாக்கு, முன்னால் கீரி நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம். வாசலில் ஒரு முட்டையும் வைத்தார். கீரி வந்தது. தலையை உள்ளே விட்டு மோந்தது, பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது, முட்டையை உருட்டிக்கொண்டு பழைய குவியலுக்கே போய்விட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய் போன் பண்ணுகிறோம் என்பார்களே, அதே கதைதான். இவர் வாசலைச் சின்னதாக்கினார். வெயில் படுகிறதென்று தென்னங்கீற்றுப் போட்டார். முட்டை தீர்ந்ததுதான் மிச்சம். இதைவிட வேறென்ன வேண்டுமாம் அதற்கு என்று என்னிடம் எரிந்து விழுந்தார். நான் அடுப்படி சன்னலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு தெருநாய் குவியலுக்கு முன்னால் நின்று குரைத்தது. இவர் கம்பைத் தேடி எடுப்பதற்குள், குவியலின் அந்தப் பக்கத்திலிருந்து கீரி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு புதருக்கு ஓடியது. திரும்பி வந்து அடுத்த குட்டியைக் கவ்வியது. நாய் பாவம், முன்வாசலைப் பார்த்தே குரைத்துக்கொண்டிருந்தது. இவர் நாயை விரட்டிவிட்டு நேரே வேலியோரம் போய், தான் கட்டிய வீட்டின் பின்சுவரில் இரண்டு செங்கலை உருவினார்.

விடிந்து பார்த்தால் கீரி புதரிலிருந்து ஒவ்வொரு குட்டியாக அந்த வீட்டுக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வீடு முழுக்கச் சுற்றித்தான் போகவேண்டியிருந்தது.

"பாத்தியா ரஞ்சிதா, ஒரு வாசல் மட்டும் இருந்து, அதை மறிச்சுக்கிட்டா குட்டிகளோட எங்கிட்டுப் போகும்? ஆம்பளைக் கீரியும் கூட இல்ல. இதை யோசிக்காமப் போயிட்டேனே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதுக்காச்சும் யோசிச்சீங்கள்ல," என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி அடுப்படிச் சுவரைப் பார்த்தார். இந்தத் தடவை சிக்னல் நன்றாகவே கிடைத்தது.

அன்றைக்கே சுவரை இடித்தார்கள். நல்ல நேரம் பார்த்து நிலையும் வைத்தாயிற்று. பால் காய்ச்சுகிற அன்றைக்குக் கதவுதான் வந்து சேரவில்லை, என் பழைய சேலை ஒன்று அங்கே தொங்கியது. அவருடைய அத்தை சொர்ணம் அதை விலக்கிப் பார்த்துவிட்டு, புது வீட்டை உடைத்துத் திருடன் வர வழி வைத்திருக்கிறாயா என்று சத்தம் போட்டார்.

"அவன் முன்னாடி வந்தா இவ பின்னாடி போகணும்ல அத்தை," என்றார் இவர்.

பால் நுரை கட்டிப் பொங்கியது. எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, என் டம்ளரை எடுத்துக்கொண்டு சேலையை விலக்கிக் கொல்லையில் இறங்கினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. உள்ளே வந்தேன். மறுபடியும் இறங்கினேன்.