கல்லறைப் பொந்தில் கூகை

என் கணவர் பிலோமின்ராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். 1958 தவக்காலத்தில் ஒரு நாள் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. ஊரே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதது. நான் எழுந்து போய் எல்லோருக்கும் காபி போட்டேன். ‘லூர்துராணிக்குக் கல் நெஞ்சு’ என்று பாலக்கரை முழுக்கப் பேச்சு. பேசிவிட்டுப் போகட்டும். கல்லாக இருந்தால் கனமாவது தெரியும். எனக்கு உள்ளே ஒன்றுமே இல்லை.

தினமும் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். போகாவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வருமே! அவருடைய மண்மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டுவேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லும், மனசு எங்கேயும் போகாது. அப்படி வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் கூகைகளைப் பார்த்தேன்.

எதிரே மளிகைக்கடை வியாகுலம்மாள் குடும்பத்தின் பெரிய கல்லறை. பின்பக்கம் செங்கல் பெயர்ந்து ஒரு பொந்து இருந்தது. இருட்டத் தொடங்கினால் அதிலிருந்து வெற்றிலை வடிவத்தில் ஒரு வெள்ளை மூஞ்சி எட்டிப் பார்க்கும். இறக்கைச் சத்தமே இல்லாமல் போய், காலில் எலியோடு திரும்பும். அக்டோபர் பிறந்ததும் பொந்துக்குள்ளிருந்து ‘ஸ்ஸ்’ என்று சீறல் கேட்டது. பாம்பு என்று நானும் எழுந்து ஓடியவள்தான். மறுநாள் தள்ளி நின்று கவனித்தேன். தாய்க்கூகை எலியோடு நுழைந்ததும் சீறல் இன்னும் பலமானது. அட, பசித்த குஞ்சுகள்!

காவல்காரர் அற்புதசாமி ஒருநாள், கூப்பிட்டால் சாவு விழும், சாக்குருவி என்று கல்லை எடுத்தார். "அண்ணே, அதை எறிஞ்சீங்கன்னா அடுத்த கல்லு என் கையிலேருந்து வரும்" என்றேன். சிரித்துக்கொண்டே கீழே போட்டுவிட்டார். அப்புறம் எலியோடு கூகை திரும்புகிற வரைக்கும் நான் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. நாள் முழுக்க எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

நவம்பரில் மரித்த ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. அதற்கு முந்தின இரண்டு நாளும் நான் காய்ச்சலில் படுத்துக் கிடந்தேன். திருநாளன்று போனால் தோட்டம் முழுக்கச் சுண்ணாம்பு வாசனை, செவ்வந்திப்பூ, மெழுகுவத்தி, கூட்டம். பெரிய கல்லறையின் பின்பக்கம் வழவழவென்று புதுப் பூச்சு. பொந்தைக் காணோம். சுற்றுச்சுவர் மேல் கூகை உட்கார்ந்திருந்தது. காலில் எலி.

"அக்கா, இங்க ஒரு பொந்து இருந்துச்சே?" என்று வியாகுலம்மாளைக் கேட்டேன்.

"உள்ள நல்ல பாம்பு சீறுதாம். பிள்ளைங்க வந்து மெழுகுவத்தி வைக்கிற இடமாச்சே. நேத்து பிச்சமுத்துக் கொத்தனாரை விட்டுப் பூசிட்டோம்."

"பாம்பு இல்லீங்க, கூகைக் குஞ்சு."

"ஐயோ சேசுவே! சாக்குருவியா? எங்க மாமியார் தலைமாட்டுலயா? பூசினது நல்லதாப் போச்சு."

"அவங்க போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆச்சு. இனிமே அது கூப்பிட்டு என்னங்க ஆகப்போகுது?"

யாரோ சிரித்தார்கள். நான் பூச்சில் காதை வைத்தேன். மெலிசாக ஒரு சீறல். அப்போது எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டுக்காரர் செத்த பிறகு எனக்கு வந்த முதல் கோபம்.

பக்கத்துக் கல்லறையில் வேலையாக இருந்த பிச்சமுத்து, "அவங்க சொல்லாம நான் எப்படிம்மா இடிக்கிறது?" என்று தயங்கினார். அவர் சுத்தியலை நானே எடுத்தேன்.

"சாமியாரைக் கூப்பிடுவேன்!" என்று வியாகுலம்மாள் கத்தினார்.

"கூப்பிடுங்க. வந்து இதுங்களுக்கும் தீர்த்தம் தெளிக்கட்டும்."

பூச்சு இன்னும் ஈரம். நாலைந்து அடியில் உதிர்ந்தது. சீறலைக் கேட்டுக் கூட்டம் தெறித்து ஓடியது. பொந்துக்குள் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. மற்ற இரண்டும் அதன் மேலே ஏறி நின்று, வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்துச் சீறின.

வியாகுலம்மாள் எட்டிப் பார்த்தார். செத்ததைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "பாம்புன்னுதான்டி நினைச்சோம்" என்றார். மற்ற இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ரெண்டும் பறக்கிற வரைக்கும் விடுறேன். அப்புறம் பூசிடுவேன், ஆமா. எங்க குடும்பத்துக்கு ஆகாது" என்றார்.

அது போதாது என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த தடவை முட்டையிடக் கூகைக்கு இடம் இருக்காது. சுத்தியலைப் பிச்சமுத்துவிடம் கொடுத்தேன்.

"கொத்தனாரே, எங்க வீட்டுக்காரருக்குக் கல்லறை கட்டணும். தலைமாட்டுல இதே மாதிரி ஒரு பொந்து விட்டுக் கட்டுங்க."

வியாகுலம்மாள் என் கையைப் பிடித்தார். "உனக்கென்ன பைத்தியமா லூர்து? புருஷன் தலைமாட்டுல கொண்டுபோய்ச் சாக்குருவியை வைக்கிறியே!"

"அவருக்குன்னு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலைக்கா. வரவே மாட்டேங்குது. பிள்ளையும் இல்லை. பசிக்குதுன்னு சத்தம் போடவாவது அவர் பக்கத்துல யாராவது இருக்கட்டும்."

வியாகுலம்மாள் என் கையை விட்டுவிட்டார். பிச்சமுத்து குனிந்து, பொந்தின் வாயைச் சாண் வைத்து அளந்தார்.

"வாசல் எந்தப் பக்கம்மா வைக்கணும்?"

"நான் உட்கார்ற பக்கம்."